டெல்மிசார்டன் 40: சிறுநீரகத்துக்காகப் பிரஷர் மாத்திரை தொடங்குகிறவர்களுக்கு

டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வருஷத்துக்கு மேலாகச் சாப்பிட்டு வருகிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மார்க்கைக் குறைத்தது எதற்கென்றால், ஆரம்பத்தில் என்னென்ன வரும், எது சாதாரணம், எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லாமல் கையில் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களே, அதற்காக. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் இந்த மாத்திரையை விட்டவர்கள் எல்லாரும் முதல் மாதத்தில்தான் விட்டார்கள். அதனால் அந்த முதல் மாதத்தைப் பற்றித்தான் இங்கே நிறைய எழுதப் போகிறேன்.

நான் பாம்பன்காரி. குடும்பத்தோடு கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். நெத்திலி, காரல், சூடை வாங்கி உப்புப் போட்டு, காயவைத்து, மூட்டை கட்டி ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் அனுப்புகிறோம். வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை ரொம்ப வருஷமாக இருக்கிறது. சிறுநீர் நுரைத்துக்கொண்டு போவதும், சாயங்காலமானால் கால் வீங்குவதுமாக இருந்ததால் பரிசோதனைக்குப் போனேன். பிரஷர் 168/100. கிரியாட்டினின் 1.6. இது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு 780 என்று வந்தது. அது 30-க்குள் இருக்க வேண்டும். மூன்றாம் நிலை சிறுநீரக நோய் என்று சீட்டில் எழுதினார்கள்.

டாக்டரம்மா ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: "இது பிரஷருக்கு மட்டும் தருகிற மாத்திரை இல்லை அம்மா. சிறுநீரகத்துக்கும் சேர்த்துத்தான் தருகிறேன்." விளக்கத்தை என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பி.பார்ம் படிக்கிறாள். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்தால் அந்த முடிச்சுக்குள் அழுத்தம் ஏறி, புரதம் கசிய ஆரம்பிக்கும். இந்த மாத்திரை வெளியே போகும் குழாயை விரித்துவிடுகிறது. உள்ளே அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் ரத்த ரிப்போர்ட் விஷயம் சுலபமாகப் புரியும்.

எனக்கு முதலில் எழுதியது டெல்மிசார்டன் இல்லை, ராமிப்ரில். 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் எல்லாம் ஒரு குடும்பம்: எனலாப்ரில், லிசினோப்ரில், ராமிப்ரில். அந்தக் குடும்பத்துக்கு மூத்தது கேப்டோப்ரில். பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்று ஒரு விரியன் பாம்பு இருக்கிறதாம். அதன் விஷம் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று எப்படி இறக்குகிறது என்று ஆராய்ந்த வழியில்தான் கேப்டோப்ரிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரையால் கெடும் சிறுநீரகத்தை அது காக்கிறது என்று 1993-ல் ஆய்வு செய்து காட்டினார்கள். மகள் இதைச் சொன்ன நாளில் இருந்து எனக்கு இந்த மாத்திரைகள் மேல் ஒரு தனி மரியாதை.

ஆனால் ராமிப்ரில் எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது வாரம் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு. அப்புறம் இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வெறும் வறட்டு இருமல். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது. ராத்திரி படுத்ததும் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரர் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார். கருவாட்டுத் தூசி, உப்புக் காற்று என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடையில் இருமல் மருந்து தந்தார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. இருமல் நீளவே, சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதினார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது.

காரணம் மாத்திரைதான். நம் உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் உண்டு. அதைக் கரைக்கிற நொதியைத்தான் 'ப்ரில்' மாத்திரைகள் தடுக்கின்றன. கரையாமல் தேங்கும் பிராடிகைனின் தொண்டையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கும், வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களுக்கும் இது அதிகம் வருகிறது. இருமல் மருந்து எத்தனை பாட்டில் குடித்தாலும் நிற்காது. மாத்திரையை மாற்றினால்தான் நிற்கும். மாற்றினாலும் மறுநாளே போய்விடாது. எனக்குச் சில வாரம் ஆனது. அதனால், பிரஷர் மாத்திரை தொடங்கிய பிறகு வறட்டு இருமல் வந்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இருமலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எனக்கு வரவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ அது வீட்டில் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை. அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாம்பனில் இருந்து ராமேஸ்வரமோ மண்டபமோ, எது பக்கமோ அங்கே. அபூர்வமாகத்தான் வரும் என்றாலும் வந்தால் தொண்டையை அடைத்துவிடும்.

சரி, டெல்மிசார்டனுக்கு வருகிறேன். இது 'சார்டன்' குடும்பம். லோசார்டன், இர்பசார்டன் எல்லாம் இதன் உறவு. சிறுநீரகத்தில் செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான், ஆனால் அந்த நொதியைத் தொடாது. அதனால் இருமல் அவ்வளவாக வராது. 2008-ல் வந்த ஆன்டார்கெட் என்ற பெரிய ஆய்வில் ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். இதய நோயாளிகளையும் சர்க்கரைக்காரர்களையும் காப்பதில் இரண்டும் சமம், இருமல் டெல்மிசார்டனில் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டிப்பு நன்மை வருமா என்றும் பார்த்திருக்கிறார்கள். நன்மை கூடவில்லை, சிறுநீரகத்துக்குத்தான் கெடுதல் கூடியது. ஆகவே மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகு பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதே என்று அதையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

டெல்மிசார்டனில் என்னைப் படுத்தியது தலைச்சுற்றல். காரல் காயவைக்கிற வேலை எப்படி என்று தெரிந்தால்தான் இது புரியும். மணலில் பழைய வலையை விரித்து, கழுவி உப்புப் போட்ட காரலைப் பரப்பிவிட்டு, மதியத்துக்கு முன் குத்தவைத்து உட்கார்ந்து கையால் புரட்டிவிட வேண்டும். ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்து அடுத்த பாத்திக்குப் போக வேண்டும். அந்த எழுந்திருக்கிற நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வரும். காதுக்குள் ஒரு இரைச்சல். கால் தரையில் பதிந்திருக்கிறதா என்றே தெரியாது. இரண்டு மூச்சு விடுவதற்குள் சரியாகிவிடும். ஆனால் அந்த இரண்டு மூச்சில் விழுந்தால் விழுந்ததுதான். ஒருமுறை மீன் பெட்டியைப் பிடித்துத் தப்பித்தேன்.

டாக்டரம்மா உட்கார வைத்து ஒருமுறை, எழுந்து நிற்க வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். உட்கார்ந்தபோது 138, நின்றபோது 114. மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டுமாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த நீர் மாத்திரையின், அதாவது சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரையின், அளவைக் குறைத்தார். டெல்மிசார்டனை ராத்திரிக்கு மாற்றினார். குத்தவைத்து எழுந்திருப்பதை விட்டுவிட்டுச் சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளச் சொன்னார். எழுந்திருக்கும் முன் கெண்டைக்கால் சதையை இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். சில வாரத்தில் உடம்பு பழகிக்கொண்டது. கத்திரி வெயிலில் மட்டும் இப்போதும் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கருவாட்டுக்கு நல்ல கிராக்கி உள்ள நேரம், அந்த மாதங்களில் வெயிலில் நிற்கிற வேலையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்கிறேன். தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதை அவரவர் டாக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது.

இப்போது ரத்த ரிப்போர்ட். இதுதான் ஆட்கள் மாத்திரையை விடும் இடம்.

தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அளவைக் கூட்டும்போதும் அப்படியே. எனக்குக் கிரியாட்டினின் 1.6-ல் இருந்து 1.9 ஆகியிருந்தது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது. காப்பாற்றக் கொடுத்த மாத்திரை கெடுக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் தெருவில் மதினி ஒருவர் இதே மாதிரி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உப்பு ஏறிடுச்சு, இந்த மாத்திரை கிட்னியை எடுத்துடும்" என்று அன்றைக்கே நிறுத்தினார். கிரியாட்டினினைத்தான் உப்பு என்று சொன்னார். சில மாதம் கழித்துத் தலைவலி தாங்காமல் போனபோது பிரஷர் 190.

நடந்தது என்னவென்றால், முடிச்சுக்குள் அழுத்தம் இறங்கும்போது வடிகட்டும் வேகமும் கொஞ்சம் இறங்கும். அதனால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித் தெரியும். பழைய அளவில் 30 சதவீதம் வரை ஏறினால் தாங்கிக்கொண்டு மாத்திரையைத் தொடர்வதுதான் முறை. 1.6-க்கு 30 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 2.1 வரை. என்னுடையது அதற்குள் இருந்தது. அதைத் தாண்டி ஏறினால் டாக்டர் வேறு காரணம் தேடுவார்: வயிற்றுப்போக்கில் நீர் வற்றியதா, வலி மாத்திரை சாப்பிட்டீர்களா, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பா என்று. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். ரிப்போர்ட்டில் கறுப்பாக அச்சடித்த எண்ணைப் பார்த்து நாமே முடிவு செய்யக் கூடாது. எனக்கு அடுத்த பரிசோதனையில் 1.8, அதிலேயே நிற்கிறது. சிறுநீர் ஆல்புமின் 780-ல் இருந்து 310-க்கு இறங்கியிருக்கிறது. நுரை குறைந்ததை நானே கண்ணால் பார்க்கிறேன்.

பொட்டாசியம்தான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. அது கூடினால் இதயத் துடிப்பே தாறுமாறாகப் போகலாம், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல். 5.5-க்கு மேல் போனால் டாக்டர்கள் உஷாராவார்கள். எனக்கு 6.2 என்று வந்தது. ரத்தத்தை இங்கே எடுத்து, மதியம் வரை வைத்திருந்து, வண்டியில் ராமநாதபுரத்துக்கு அனுப்பிய பரிசோதனை அது. டாக்டரம்மா முதலில் ஈசிஜி எடுத்தார், அது சரியாக இருந்தது. அன்றைக்கே மறுபடி ரத்தம் எடுத்து, பக்கத்திலேயே உடனே பார்க்க வைத்தார். 5.0. ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தில் பெரும்பங்கு ரத்த அணுக்களுக்குள்தான் இருக்கிறது. குழாயில் அணுக்கள் உடைந்தால் அது வெளியே வந்து பொய்யாகக் கூட்டிக் காட்டும். குலுங்கலும் தாமதமும் சேர்ந்தால் இப்படி ஆகும். ஆகவே, முடிந்தால் பரிசோதனை செய்கிற இடத்திலேயே போய் ரத்தம் கொடுங்கள். அதற்காக, கூடுதலாக வந்த ரிப்போர்ட்டைப் பொய் என்று நீங்களாகவே நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காட்ட வேண்டிய ரிப்போர்ட் அது.

சாப்பாட்டில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இளநீரும் பதநீரும். இந்த மாவட்டத்தில் பனையும் தென்னையும் இல்லாத ஊர் எது? வெயிலுக்கு நல்லது என்று எல்லாரும் வெட்டி நீட்டுவார்கள். ஒரு தம்ளர் இளநீரில் ஒரு வாழைப்பழத்து அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. என்னை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டேன். அதேபோல, 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பதைப் பிரஷருக்கு நல்லது என்று வாங்காதீர்கள். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கலாம். சிறுநீரகம் பழுதாகி இந்த மாத்திரையும் சாப்பிடுகிற நமக்கு ஆகாது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி, நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். கருவாட்டுக்காரி வீட்டில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது. நான் கருவாட்டை விட்டுவிட்டேன், பச்சை மீன்தான். உப்பைக் குறைத்தால் இந்த மாத்திரை இன்னும் நன்றாக வேலை செய்யும் என்பதை என் சிறுநீர் ரிப்போர்ட்டிலேயே பார்த்தேன்.

வலி மாத்திரை பற்றி மீனவக் குடும்பங்கள் கட்டாயம் கேளுங்கள். வலை இழுத்து முதுகு பிடித்தால் டைக்ளோஃபெனாக் ஊசி, அசிக்ளோஃபெனாக் மாத்திரை என்று கடையிலேயே கேட்டு வாங்குகிறோம். இந்தப் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். நல்ல வேளையாக எங்கள் மருந்துக் கடைத் தம்பி, "அக்கா, நீங்க கிட்னி மாத்திரை சாப்பிடுறீங்கல்ல, இது வேண்டாம், பாராசிட்டமால் எடுத்துக்கங்க" என்று அவராகவே தடுத்தார். அப்படிப்பட்ட கடை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். எனக்கு எழுதிக் கொடுத்தது: வாந்தி பேதி கடுமையாக இருந்தால் டெல்மிசார்டனையும் நீர் மாத்திரையையும் நிறுத்திவைத்துவிட்டுப் போன் செய்ய வேண்டும், ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்க மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் நாள்காட்டியில் குறித்துவைக்கிறேன்.

மாத்திரையைப் பற்றியே ஒரு விஷயம், கடற்கரைக்காரர்களுக்கு முக்கியமானது. டெல்மிசார்டன் ஈரத்தை உறிஞ்சும். எங்கள் காற்றில் வைத்த உப்பே கசிந்துபோகிறது, மாத்திரை எம்மாத்திரம்? வாரத்துக்குச் சேர்த்து டப்பாவில் பிரித்துப் போட்டு வைக்காமல், சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையில் இருந்து உடைக்க வேண்டும். கடையில் கத்தரிக்கோலால் நறுக்கித் தரும்போது பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது. முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். மக்கள் மருந்தகத்தில் பொதுப் பெயரிலேயே மலிவாகக் கிடைக்கிறது. அதற்கு மாறிய பிறகும் என் பிரஷரில் வித்தியாசம் தெரியவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனைத் தேதியை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேல் கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டு மிஷின் வேண்டாம். பட்டை கைக்கு அளவாக இருக்க வேண்டும். சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பார்க்க வேண்டும். எனக்குச் சொன்ன இலக்கு 130/80-க்குள்.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: 'ப்ரில்', 'சார்டன்' இரண்டுமே கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பம் தரிக்க நினைத்தாலோ, நாள் தள்ளிப்போனாலோ உடனே டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற வேண்டும்.

இப்போது என் பிரஷர் 132-ஐ ஒட்டி இருக்கிறது. அடுத்த முறை பொட்டாசியத்தைப் பார்த்துவிட்டு 80 மில்லிகிராமுக்குக் கூட்டலாமா என்று டாக்டரம்மா முடிவு செய்வார். கூட்டினால் மறுபடி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் அந்த எண்களையும் இதன் கீழே சேர்க்கிறேன்.